பிழையா, அடிபட்டதா? ஒரு கால் அணாவும் என் பழைய பதிவும்

மூன்று வருடத்துக்கு முன் இங்கே ஒரு கால் அணாக் காசைப் பற்றி எழுதியிருந்தேன். 1835, கிழக்கிந்தியக் கம்பெனி, செம்பு. ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம். மறுபக்கம் அதே சின்னம் குழிவாக, இடவலம் மாறி. "ப்ரோக்கேஜ்" என்று குதித்தேன். நாலாயிரம் ரூபாய் கொடுத்ததற்கு நியாயமும் சொல்லியிருந்தேன். அந்தப் பதிவு தப்பு.

ப்ரோக்கேஜ் எப்படி வரும்? அடித்த காசு ஒன்று வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வெற்று வில்லைக்கு அந்தக் காசே ஒரு பக்கத்து அச்சாகிவிடும். அதாவது, அந்தப் பக்கத்து நிஜ அச்சு இந்த வில்லையைத் தொடவே தொடாது. போன வாரம் லென்ஸ் வைத்துப் பார்த்தால், குழிந்த சிங்கத்துக்கு அடியில் இலை வளையமும் 'அணா' என்ற ஆங்கில எழுத்துகளும் மங்கலாகத் தெரிகின்றன. தொடாத அச்சின் படம் எங்கிருந்து வந்தது? ஒழுங்காக அடித்து வெளிவந்த காசின் மேல் இன்னொரு காசை வைத்து யாரோ வைஸில் நெருக்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

'எரர் காயின்' வீடியோக்களிடம் எனக்குள்ள புகாரும் இதுதான் (அன்றைய என்னையும் சேர்த்து). விலையை முதலில் சொல்கிறார்கள். எப்படி நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது, உலோகம் எங்கே போனது என்பது. அச்சில் விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் ஏறும். காசில் மேடான கோடு வரும். ஆணி கீறினால் பள்ளம், ஓரத்தில் பிதுங்கல். வில்லை வெட்டும்போதே ஓரம் குறைந்திருந்தால், நேரெதிர் விளிம்பும் பெரும்பாலும் மழுங்கியிருக்கும். பிறகு ரம்பத்தால் அறுத்ததில் எதிர் விளிம்பு கூர்மையாகவே நிற்கும். பக் கோடில் இருக்கிறதா, டேட்டாவை யாரோ பிறகு கெடுத்தார்களா என்று பார்ப்பதுபோலத்தான்.

இதைவிட எரிச்சல், ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசுகளை 'மையம் விலகிய அபூர்வப் பிழை' என்று விற்பது. அவை கையால் சுத்தியல் கொண்டு அடித்தவை. வில்லையைப் பிடித்து நிறுத்த வளையம் கிடையாது. நிற்கும் உருவத்தின் தலையோ காலோ வெளியே போவது அங்கே சர்வசாதாரணம். பிழை என்று சொல்ல முதலில் ஒரு 'சரி' வேண்டாமா?

பழைய பதிவை நீக்கவில்லை. தலைப்பில் மட்டும் 'தவறு' என்று சேர்த்திருக்கிறேன். காசை விற்கப் போவதில்லை. விற்றால் என்ன சொல்லி விற்பது?