அதே எலக்ட்ரான் மறைக்கிறதா, இல்லையா?

போன மாதம் பிளஸ் டூ படிக்கும் மகள் ஒரு கேள்வியோடு வந்தாள். "அப்பா, குரோமியத்துல இருந்து காப்பர் வரைக்கும் அணு அளவு ஏன் பெருசா மாறலைன்னா 3டி எலக்ட்ரான் மறைக்குதுன்னு போட்டிருக்கு. காலியம் ஏன் அலுமினியத்தைவிடச் சின்னதுன்னா அதே 3டி எலக்ட்ரான் சரியா மறைக்கலைன்னு போட்டிருக்கு. எது சரி?"

இரண்டையும் மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கியவன் நான். எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றவில்லை என்பதுதான் உறுத்தியது.

புத்தகம் பொய் சொல்லவில்லை. எதோடு ஒப்பிட்டு நல்லது, எதோடு ஒப்பிட்டு மோசம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஸ்லேட்டர் 1930இல் தந்த விதியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோடியத்திலிருந்து குளோரின் வரை 6 புரோட்டான் கூடுகிறது. வெளி எலக்ட்ரான் உணரும் செயலுறு மின்சுமை 2.20இலிருந்து 6.10 ஆகிறது. ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று 0.35 அளவுக்குத்தான் மறைக்கும். ஸ்காண்டியத்திலிருந்து துத்தநாகம் வரை 9 புரோட்டான் கூடியும் 4எஸ் எலக்ட்ரானுக்கு 3.00 என்பது 4.35தான் ஆகிறது. 3டி எலக்ட்ரான் ஒவ்வொன்றும் 0.85 மறைத்துவிடுகிறது. ஆக, நல்ல திரைதான். ஆனால் முழுத் திரை இல்லை, 0.15 ஒழுகுகிறது. பத்து எலக்ட்ரான் சேர்ந்தால் ஒழுகல் 1.5. அலுமினியத்துக்கு 3.50, காலியத்துக்கு 5.00. வித்தியாசம் அதே 1.5! இந்த நாலு வரிக் கணக்கைப் புத்தகத்தில் போட்டிருக்கலாம்.

அடுத்த விளக்கத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஸ்லேட்டர் கணக்குப்படி அந்த வரிசையிலேயே சிறியது துத்தநாகமாக இருக்க வேண்டும். அட்டவணையிலோ நிக்கல் 124 பிக்கோமீட்டர், காப்பர் 128, துத்தநாகம் 134. உடனே "டி கூடு நிரம்பியதால் மறைப்பும் விலக்கமும் கூடிவிட்டது" என்று ஒரு வரி. உலோக ஆரம் என்பது தனி அணுவை அளந்து வந்த எண்ணா என்ன? படிகத்தில் பக்கத்துப் பக்கத்து அணுக்கருக்களுக்கு இடையே உள்ள தூரத்தில் பாதி. வரிசையின் நடுவில் டி எலக்ட்ரான்களும் பிணைப்பில் கைகோக்கின்றன, அணுக்கள் நெருங்கி நிற்கின்றன. வனேடியம் உருக 1910 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகத்தில் நிரம்பிய டி கூடு பிணைப்புக்கு அவ்வளவாக உதவுவதில்லை, 420 டிகிரியிலேயே உருகிவிடும். தூரம் கூடியதற்குப் பிடி தளர்ந்ததுதான் முக்கியக் காரணம். இன்னொன்று: துத்தநாக அணுவைச் சுற்றி ஆறு அணுக்கள் 266 பிக்கோமீட்டரிலும் ஆறு 291இலும் நிற்கின்றன. இதில் எதன் பாதி அதன் ஆரம்?

லாந்தனைடு குறுக்கம் இன்னும் வேடிக்கை. சிர்கோனியம் 160, ஹாஃப்னியம் 159. இப்படி இரட்டையராக இருந்ததால்தான் சிர்கோனியக் கனிமங்களுக்குள் ஒளிந்திருந்த ஹாஃப்னியத்தை 1923 வரை யாராலும் பிடிக்க முடியவில்லை. கோபன்ஹேகனில் காஸ்டரும் ஹெவெசியும் எக்ஸ் கதிரை வைத்துத்தான் பிடித்தார்கள். அணு உலைக்கான சிர்கோனியத்திலிருந்து, நியூட்ரானை விழுங்கும் இந்த ஹாஃப்னியத்தைப் பிரித்தெடுப்பது இன்றும் பெரிய வேலை. 4எஃப் மோசமாக மறைப்பதால் வந்த குறுக்கம் என்கிறது புத்தகம். சரிதான், ஆனால் பயிற்சிக் கணக்கில் தரும் ஸ்லேட்டர் விதியைப் போட்டால் 4எஃப் முழுசாக 1.00 மறைக்கிறது, இரண்டு உலோகங்களுக்கும் 3.15 வருகிறது. ஒரு கூடு கூடுதல் என்பதால் ஹாஃப்னியம் பெரிதாக அல்லவா இருக்க வேண்டும்? 6எஸ் எலக்ட்ரான் 4எஃப்பையும் ஊடுருவி அணுக்கரு அருகே போய்வருவது அந்த விதிக்குத் தெரியாது.

கனமான அணுக்கருவின் அருகே எலக்ட்ரான் ஓடும் வேகத்தில் சார்பியலும் நுழைந்துவிடுகிறது. அணு மேலும் சுருங்குகிறது. 1996இல் ஒரே மாதிரியான வெள்ளி, தங்கச் சேர்மங்களின் படிகங்களை அளந்தபோது வெள்ளி அயனியைவிடத் தங்க அயனி சிறியது என்றே தெரிந்தது. மகளின் புத்தகத்தில் இதற்கு அரை வரி கூட இல்லை.

0.15 கணக்கை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். "இதை எழுதினா மார்க் போடுவாங்களா?" என்றாள். பரீட்சையில் புத்தக வரியையே எழுதச் சொல்லிவிட்டேன். துத்தநாகத்துக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை.