ரியூ சொல்லும் 'ஸோ கா'

ஜப்பானியம் படிக்கத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. என்ன தேறியது என்று யாராவது கேட்டால், நடிகர் சிஷூ ரியூ 'ஸோ கா' என்று சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தெரிந்தது என்பேன். எனக்கு அது போதும்.

'டோக்கியோ ஸ்டோரி' படத்தில் அந்த இரவு பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஓனோமிச்சி வீட்டில் அம்மா நினைவு தப்பிக் கிடக்கிறாள். டாக்டரான மூத்த மகன் அப்பாவிடம், விடியும்வரை தாங்கினாலே பெரிது என்கிறான். அப்பாவாக நடிக்கும் ரியூ 'ஸோ கா' என்கிறார். சற்றுப் பொறுத்து மறுபடியும் அதையே சொல்கிறார். ஆங்கில சப்டைட்டில் 'ஐ ஸீ' என்று போட்டுவிட்டுக் கடந்துவிடும். நமக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? 'ஸோ' நம் 'அப்படி'; 'கா' நம் வினா 'ஆ'. ஒட்டினால் அச்சு அசல் 'அப்படியா'. என் தாத்தாவிடம் அவர் தம்பி போய்விட்ட செய்தியைச் சொன்னபோது பக்கத்தில் நின்றிருந்தேன். "அப்படியா" என்றார். பிறகு செருப்பைத் தேடினார். அதே சொல், அதே இறக்கம்.

'கா' ஏறினால் கேள்வி, இறங்கினால் ஏற்றுக்கொண்டாயிற்று என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். ரியூவின் 'கா' இறங்கத் தொடங்கிப் பாதிப் படியில் உட்கார்ந்துவிடும். ஏற்றுக்கொண்டாரா, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று சொல்ல முடியாது. சில இடங்களில் அதன் வாலில் ஓனோமிச்சிப் பக்கத்து 'நோ' என்றொரு இழுவையும் சேரும். அவர் அந்த ஊர்க்காரர் இல்லை. 1904இல் க்யூஷூவின் குமமோத்தோவில் ஒரு கோயில் வீட்டில் பிறந்தவர். எத்தனை வருஷம் சினிமாவில் இருந்தும் க்யூஷூ ராகம் அவர் பேச்சை விட்டுப் போகவில்லை. அதைக் குறை என்பவர்கள் உண்டு. அந்த ராகம்தான் அவர் சொற்களை அவசரப்படாமல் பிடித்து வைக்கிறது என்பது என் கட்சி. படம் வந்த 1953இல் அவருக்கு வயது 49. மனைவியாக நடித்த சியேகோ ஹிகஷியாமா அவரைவிடப் பதினான்கு வயது மூத்தவர். நரைக்கு மேக்கப் இருக்கிறது, கூனுக்குப் பயிற்சி இருக்கிறது. குரலில் எழுபது வயதை எங்கிருந்து எடுத்தார்?

குரல் என்றால் 'செவன் சாமுராய்' நடிகர் மிஃபூனேதான் என்பார் என் நண்பர் ஒருவர். அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த உறுமல் மொழி தெரியாதவருக்கும் விளங்கிவிடுகிறது. ரியூவை அனுபவிக்க மொழி படிக்க வேண்டியிருக்கிறது. நான் படித்ததே அதற்குத்தான்.

இப்போது படிக்க வரும் பிள்ளைகளில் பலர் அனிமே கேட்டு வந்தவர்கள். ஆர்வத்தில் குறையே இல்லை. கான்ஜி என்னைவிட வேகமாக எழுதுகிறார்கள். உம் கொட்டத்தான் தெரியவில்லை. உம் கொட்டுவதற்கு ஜப்பானியத்தில் உள்ள ஐஸுச்சி என்ற சொல்லே கொல்லன் பட்டறையில் பிறந்தது: ஆசான் அடித்துச் சம்மட்டியைத் தூக்கும் இடைவெளியில் சீடன் போடும் மாற்றடி. தமிழிலும் உம் 'கொட்ட'த்தானே செய்கிறோம்! அடி தப்பினால் இரும்பு ஆறிவிடும், பேச்சும் அப்படித்தான். ஆனால் தேர்வு இதைக் கேட்பதில்லை: ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்5 முதல் என்1 வரை எந்தப் படியிலும் வாய்மொழித் தேர்வு கிடையாது. ஒருமுறைகூட வாய் திறக்காமல் உச்சிப் படிக்குப் போய்விடலாம். நான் முதலில் சேர்ந்த வகுப்பில், 'ஸோ கா'வின் மரியாதை வடிவமான 'ஸோ தெஸ் கா'வை எல்லோரும் ஒரே ஏற்றத்தில் கோரஸாகச் சொன்னோம். ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்த ஏற்றத்தை என் வாயிலிருந்து இறக்க எனக்கு மூன்று வருஷம் பிடித்தது. இறக்கியவர் ரியூ.

வீட்டில் தனியாக இருக்கும்போது 'டோக்கியோ ஸ்டோரி'யின் கடைசிக் காட்சியைப் போட்டுக்கொள்வேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். ரியூ கையில் விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெருமூச்சு. வெளியே படகுச் சத்தம். படம் தொடங்கும்போது இதே அறையில்தான், காற்றடைத்த தலையணை யாரிடம் இருக்கிறது என்று கிழவனும் கிழவியும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.