திருவுளமும் தெரிவும்

சமயத் தலைவரைத் தெரிந்தெடுக்குங்கால் இறைவன் திருவுளம் இயங்குகின்றது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் தொன்றுதொட்ட நம்பிக்கை. அந்நம்பிக்கை, தெரிவு முறையை வினவுவார்க்கு வாயடைப்பாகுமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

வினா வெறுங் கருத்தளவினதன்று. நெய்வேலி அமைந்துள்ள கடலூர் மாவட்டம் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துள் அடங்குவது. அதன் பேராயர் அந்தோணி ஆனந்தராயர் 2021 சனவரியில் பணி ஓய்வு பெற்றார். மீரட்டு ஆயராயிருந்த பிரான்சிசு கலிசுட்டு 2022 மார்ச்சு 19-இல் புதிய பேராயராக அறிவிக்கப்பெற்றார். தம் மக்களுள் ஒருவரே அப்பதவிக்கு வருதல் வேண்டும் எனக் கோரிய தலித்துக் கிறித்தவ அமைப்புகள் அந்நியமனத்தை எதிர்த்துப் போராடின. நியமனம் பெற்றாரின் தகுதியை அளப்பது எம் நோக்கமன்று. 'இது இறைவன் தெரிவு' என்னும் விடை அவ்வினாவிற்குப் போதுமா என்பதே எம் ஆராய்ச்சி.

தமிழ் மரபும் இச்சிக்கலை அறியாததன்று. சீட்டெடுத்து முடிவு காண்பதைத் 'திருவுளச்சீட்டு' என வழங்குகின்றோம். மூர்த்தி நாயனார் வரலாற்றில், மன்னன் மகவின்றி இறந்தபின் அமைச்சர் யானையின் கண்ணைக் கட்டி விடுகின்றனர். அது நாயனாரை எடுத்துப் பிடரியில் வைக்கின்றது. ஈண்டுச் சேக்கிழார் கதையை அமைத்த முறை உற்றுநோக்கத்தக்கது. சந்தனம் கிடையாதபோது தம் முழங்கையையே கல்லில் தேய்த்த தொண்டரை முதற்கண் காட்டி, அதன் பின்னரே யானையைக் கொணர்கின்றார். யானைக்குக் கண் கட்டப்பட்டது; கற்போர் கண்ணோ திறந்தே இருந்தது. திருவுளம் தகுதிக்கு மாற்றாக வரவில்லை; தகுதியை உலகறியச் செய்யவே வந்தது என்க.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) இதனினும் தெளிவானவை. குடவோலையை எடுப்பவன் ஒன்றுமறியாச் சிறுவன். ஆயின் ஓலையில் எழுதப்படுவார்க்கு வயது, நிலம், மனை, கல்வி ஆகியவை வரையறுக்கப்பட்டன; கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்விதிகள் கல்லில் வெட்டப்பட்டு எல்லார் கண்ணுக்கும் புலனாயின. அதே வேளை, அச்சபை பிரமதேயத்துப் பார்ப்பனர் சபை என்பதையும் மறத்தலாகாது. ஏனையோர் பெயர் ஓலையில் ஏறவேயில்லை. குடத்துள் இடப்படாத பெயரை எந்தச் சிறுவனும் எடுத்தல் இயலாது. வினவற்குரியது எடுத்த கையன்று. ஓலை எழுதிய கையே.

விவிலியமும் இதற்கு மாறன்று. யூதாசின் இடத்திற்கு ஒருவரைத் தெரிந்தபோது, ஏறத்தாழ 120 பேர் கூடிய அவையில் பேதுரு முதலில் தகுதியைக் கூறினார். இருவர் பெயர் முன்வைக்கப்பட்டது. வேண்டுதலின் பின்னரே சீட்டு மத்தியாவின் பேரில் விழுந்தது. அடுத்து, கிரேக்க மொழி பேசுவோர் தம் கைம்பெண்கள் பந்தியில் புறக்கணிக்கப்படுவதாக முறையிட்டபோது, திருத்தூதர் அம்முறையீட்டை நம்பிக்கைக் குறைவென்று தள்ளவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்குமாறு மக்களிடமே கூறினர். புறக்கணிக்கப்பட்டோர் குரலே ஆண்டுத் தெரிவுக்குத் தோற்றுவாயாயிற்று.

பிற்காலத்தே திருத்தந்தையான இராட்சிங்கர் 1997-இல் பவேரியத் தொலைக்காட்சியில் கூறிய கருத்தும் இதனோடு ஒக்கும். தூய ஆவியார் திருத்தந்தையை நேரே தெரிந்தெடுக்கின்றார் என்று தாம் கூறமாட்டார் எனவும், அவர் தெரிந்திருக்க இயலாத திருத்தந்தையர் பலர் வரலாற்றில் உளர் எனவும் அவர் மொழிந்தார். முழுவதும் கெட்டழியாமற் காப்பதே அவ்வழிநடத்துதல் என்பது அவர் கருத்து.

ஆயர் நியமனம் மக்கள் வாக்கன்று. அது திருத்தந்தையின் உரிமை என மறுப்பார் உளர். உண்மையே. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 377-ஆம் விதி அவ்வாறே கூறுகின்றது. ஆயின் அவ்விதியே ஆயர்களைக் கலந்து மறைவாகப் பட்டியல் அமைக்கவும், திருத்தந்தையின் தூதர் பலரை உசாவி மூவர் பெயரை உரோமைக்கு விடுக்கவும் வழி வகுக்கின்றது. ஆகவே மனிதர் ஆய்வு அங்கும் உண்டு. ஓலை எழுதுவார் மனிதரேயாகலின், அவர் செயல் வினாவிற்குரியது. இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித்து மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபையினுள் சாதிப் பாகுபாடு உண்மையை ஒப்புக்கொண்டது. பாகுபாடு உண்டெனக் கண்டபின், பட்டியல் அமைப்போர் கண்ணில் மட்டும் அது படியாதெனல் பொருந்தாது.

நெய்வேலிச் சுரங்க நிறுவனம் 1956-இல் தோன்றியது. பொதுத்துறையாகிய அதில் வேலைக்கமர்த்தலுக்கு வெளிப்படையான விதிகளும் இடவொதுக்கீடும் உள. எனினும் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறித்தவராகிய தலித்தைப் பட்டியலினத்தவராக அரசு கொள்வதில்லை; கிறித்துவத்திற் சாதியில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. கோயிலிலோ சாதியால் தாம் ஒதுக்கப்படுவதாக அம்மக்கள் முறையிடுகின்றனர். அரசு வாயிலில் சமயம் தடை. சமய வாயிலில் சாதி தடை. முன்னதை நீதிமன்றத்தில் வினவலாம். பின்னதை வினவுவார்க்குத் திருவுளம் விடையாகத் தரப்படின், அவர் செல்லத்தக்க மன்றம் வேறில்லை.

ஆகவே ஐயம் கொள்வாரை நம்பிக்கையற்றாரெனல் தகாது. அவர் ஐயுறுவது இறைவனை அன்று. இறைவன் பெயரால் மறைக்கப்படும் மனிதர் தெரிவையே. திருவுளத்தின்மேல் மெய்யாகவே நம்பிக்கையுடையார், எல்லார் பெயரும் ஓலையில் ஏறுவதற்கு அஞ்சார் என்பது எம் துணிபு.