டூயியின் பஞ்சு வகுப்பில் விடுபட்ட ஒரு கேள்வி

என் மகளுக்கு நாலாம் வகுப்பில் போன மாதம் ஒரு ப்ராஜெக்ட். தலைப்பு: பருத்தி. சார்ட் பேப்பர், ஸ்டேஷனரி கடைப் படத்தாள், மெடிக்கல் ஷாப்பில் வாங்கின பஞ்சு. முக்கால் மணி நேரத்தில் ஒட்டி முடித்தோம், பெரும்பாலும் நான்தான் ஒட்டினேன். நட்சத்திரம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பஞ்சுக்குள்ளே கொட்டை இருக்கும் என்பது அதற்கப்புறமும் அவளுக்குத் தெரியாது.

அந்த எரிச்சலில்தான் ஜான் டூயியின் 'பள்ளியும் சமூகமும்' நூலைத் திரும்ப எடுத்தேன். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1896 ஜனவரியில் 16 பிள்ளைகளோடு அவர் ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளியைப் பற்றி 1899-ல் பெற்றோர்களுக்கும் மற்றவர்களுக்கும் பேசிய உரைகள்தான் இந்த நூலின் அடிப்படை. அதில் ஒரு பஞ்சு வகுப்பு வருகிறது. செயல்வழிக் கற்றலுக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் படித்ததில்லை.

ஆட்டு முடி, பருத்திக் காய், ஆளிச்செடி நார் எல்லாவற்றையும் அப்படியே பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்கிறது. கிடைத்தது ஒரு அவுன்ஸுக்கும் குறைவு, அதாவது 28 கிராம்கூட இல்லை. பருத்தி இழை கம்பளி இழையைவிட ரொம்பக் குட்டை, வழுக்கல் வேறு, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது என்பதையும் கண்டுபிடிக்கிறார்கள். தங்கள் முன்னோர் ஏன் பருத்தி உடுத்தாமல் கம்பளி உடுத்தினார்கள் என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. பருத்தித் தொழில் ஏன் பின்தங்கி வளர்ந்தது என்பது பிள்ளைகள் சொல்லித்தான் தனக்கே தெரிந்தது என்கிறார் டூயி. இப்படி எழுதுகிற ஆசிரியரைப் பிடிக்காமல் போகுமா?

சரி, நாமும் செய்து பார்ப்போம் என்று கோவில்பட்டிப் பக்கம் இருக்கிற பெரியம்மா வீட்டில் ஒரு பை பருத்தி வாங்கினேன். நானும் மகளும் அரை மணி நேரம். சமையலறைத் தராசில் 19 கிராம் வந்தது. டூயி சொன்னது சரிதான் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது பெரியம்மா வந்து பார்த்தார்கள். "இப்படி ஒவ்வொண்ணா பிச்சா பொழுது விடிஞ்சிரும்டா" என்று சொல்லிவிட்டு, ஒரு இரும்புக் கம்பியை எடுத்து, பலகைமேல் பருத்தியை வைத்து உருட்டினார்கள். கொட்டை ஒரு பக்கம் பிதுங்கி விழுந்தது, பஞ்சு மறுபக்கம். என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

டூயியின் வகுப்பில் நான் முதலில் இடறிய இடம் இதுதான். கையால் பிரிப்பது கஷ்டம் என்பது உண்மை. ஆனால் 'அதனால் பருத்தி பின்னால் வந்தது' என்ற முடிவு அந்த மேஜையில் கருவி எதுவும் இல்லாததால் வந்தது. மொகஞ்சதாரோவில் கிடைத்த பருத்தித் துணிக்கு 4000 வருஷத்துக்கு மேல் வயசு. அங்கே எந்தக் கருவி இருந்தது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கம்பி உருட்டுவதும், பிற்காலத்தில் வடக்கே சர்க்கி என்று சொன்ன இரட்டை உருளைக் கருவியும் எலி விட்னிக்கு முன்பே இங்கே புழக்கத்தில் இருந்தவை. மனித வரலாறு முழுவதையுமே இந்த நார்கள் துணியாகிற கதைக்குள் அடக்கிவிடலாம் என்கிறார் டூயி. அவர் அடக்கியிருப்பது அதிகபட்சம் ஐரோப்பாவின் கதை.

இதை மன்னித்துவிடலாம், ஆளுக்கு எல்லா ஊரும் தெரியாது. ஆனால் அவர் ஊர்க் கதையையே விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அரை மணி நேரத்தில் விரல் வலிக்கிறது. அப்படியானால் அமெரிக்காவில் பஞ்சை யார் பிரித்தார்கள்? விட்னி 1793-ல் கொட்டை நீக்கும் இயந்திரம் செய்தார். பிரிப்பது எளிதானதும் தெற்கு மாநிலங்களில் பருத்தி வயல்கள் பரவின. பயிரிடவும் பறிக்கவும் ஆள் வேண்டுமே. 1790 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-ல் 39.5 லட்சம் ஆனார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1865. டூயி பேசும்போது அதற்கு வெறும் 34 வயசு. அந்தப் பத்தியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

காரணம் நூலிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். தன் பள்ளியில் கைவேலை பொருளாதார நெருக்கடியிலிருந்து விடுபட்டது, செய்த பொருளின் விலை அங்கே முக்கியமில்லை என்கிறார். நல்ல கொள்கை. அதன் அருமை வார்தாவைப் பார்த்தால் தெரியும். 1937 அக்டோபரில் காந்தி கூட்டிய மாநாட்டுக்குப் பிறகு ஜாகிர் உசேன் குழு போட்ட திட்டத்தில் ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் 3 மணி 20 நிமிஷம் கைத்தொழிலுக்கு. பிள்ளைகள் நூற்கிற நூலின் வருமானத்தில் ஆசிரியர் சம்பளம் வரவேண்டும் என்பது காந்தியின் எதிர்பார்ப்பு. அந்தக் கணக்கில் பிள்ளையின் கை உற்பத்திக் கருவியாகிவிடுகிறது. நம்ம ஊரில் 1953-ல் ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகு என்றபோது எழுந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். அடுத்த வருஷமே அது கைவிடப்பட்டது.

அதனால் பணத்தை வகுப்புக்கு வெளியே நிறுத்திய டூயி பக்கம்தான் நான். ஆனால் நிறுத்தும்போது கூலி, அடிமை, வியாபாரம் பற்றிய கேள்விகளும் வெளியே போய்விட்டன. வலிக்கிற விரலை வைத்துக்கொண்டு ஒரு ஒன்பது வயசுப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்வி அது. என் மகள் கேட்டாள், "ஒரு சட்டைக்கு எத்தனை பேரு இப்படி உக்காரணும்ப்பா?"

என் சட்டையைக் கழற்றி எடை போட்டோம். 210 கிராம். 19 கிராமுக்கு இரண்டு பேர், அரை மணி. வகுத்தல் கணக்கு அவளே போட்டாள். ஒரு தடவை தப்பு, இரண்டாவது தடவை சரி: இரண்டு பேருக்கு ஐந்தரை மணி நேரம். நூற்பதற்கும் நெய்வதற்கும் இன்னும் கணக்குப் போடவில்லை.