நான்கு குருளைகள்

நாய், பன்றி, புலி, முயல் என்ற நான்கின் குட்டிக்கும் குருளை என்ற பெயர் பொருந்தும் என்கிறது தொல்காப்பிய மரபியல். இளமைப் பெயர்களை அடுக்கிச் சொல்லும் பகுதி அது. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது பெயர்கள். எது எதற்கு உரியது என்பதை மாட்டுத் தரகரின் கறாரோடு ஆசிரியர் பிரித்துக் கொடுக்கிறார். ஆனால் காட்டுப் புலியையும் தெரு நாயையும் ஒரே தொட்டிலில் போட்டதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

இந்த நான்கு குருளைகளும் இன்று திருவனந்தபுரத்தில் பிறந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். புலிக்குட்டி மிருகக்காட்சிசாலையில் பிறந்தால் பெயர் சூட்டுவார்கள், பத்திரிகையில் படம் வரும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை அதற்குக் காவல். காட்டு முயலைப் பிடித்தால் வழக்கு. கூண்டில் வளர்த்த முயலை வறுத்துத் தின்னலாம். காட்டுப்பன்றி மரவள்ளித் தோட்டத்தில் இறங்கினால், சுட அனுமதி கொடுக்கும் அதிகாரம் 2022 மே மாதம் முதல் கேரளத்தில் பஞ்சாயத்துத் தலைவருக்கே உண்டு. நாய்க்குட்டியின் கதி பிறந்த இடத்தைப் பொறுத்தது. கவடியாரில் பங்களாவா, சாலைக் கம்போளத்தில் குப்பைமேடா?

உயிரிரக்கம் நம் மரபு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் அது ஒரு கட்சியல்ல. பல கட்சிகள், ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றவை. அவற்றை ஒரு சுற்றுப் பார்க்கலாம்.

முதற்கட்சி ஏணிக் கட்சி. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு, விலங்கு ஐந்தறிவு, மனிதன் ஆறறிவு என்று அதே மரபியல் படிக்கட்டு கட்டுகிறது. சமணரும் புலன்களை எண்ணித்தான் உயிர்களை வகுத்தார்கள். இரக்கத்துக்குக் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு இது வசதி: புலன் கூடக் கூட நோவும் கூடும், பாவமும் கூடும். ஏணியில் ஒரு சங்கடம், அதைச் செய்தவனே உச்சிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். நம் ஊர்க்காரர் ஒருவர் ஏணியைக் கீழிருந்து பார்த்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெ. சுந்தரம் பிள்ளை 1891-இல் வெளியிட்ட மனோன்மணீயத்தில், நடராசன் வயல்வெளியில் நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து வியக்கும் இடம் இருக்கிறது. மண்ணைத் தின்று மண்ணைப் பொடியாக்கித் தரும் அந்தப் புழு அவனுக்கு உழவனாகத் தெரிகிறது. மண்புழுவைப் பற்றி டார்வின் தனி நூல் எழுதி அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது. நாடகம் என்றாலே அரசனும் சூழ்ச்சியும் என்றிருந்த காலத்தில் ஒரு புழுவை மேடையேற்றிய துணிச்சலுக்காகவே பேராசிரியரைக் கும்பிடலாம்.

ஏணியைவிட எனக்குச் சுவையானது வழக்காடு கட்சி. அதன் நூல் நீலகேசி என்ற சமணக் காப்பியம். கதையின் தொடக்கமே நம் பொருள்தான். அரசி பிள்ளை பெற்றதற்கு நன்றியாகக் காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க ஆள்கள் வருகிறார்கள். முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் அவர்களைத் தடுத்து, மண்ணால் செய்த உருவங்களைப் படைக்கச் சொல்கிறார். படையல் போனதில் காளிக்கு ஆத்திரம். பழையனூர் நீலி என்ற பேயை வரவழைத்து முனிவர்மேல் ஏவுகிறாள். மிரட்ட வந்த நீலி முனிவரின் அறத்தில் கரைந்து, நீலகேசியாகித் தானே வாதம் செய்யப் புறப்படுகிறாள். அவள் மோதும் பெரிய எதிரி பௌத்தர். கொல்வது பாவம், பிறர் கொன்றதைத் தின்பது பாவமில்லை என்பது அவர்கள் நிலை. தின்பவன் இருப்பதால்தானே கொல்பவன் இருக்கிறான் என்பது நீலகேசியின் மடக்கு. வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இதே இடத்தில்தான் கை வைக்கிறார், வாங்குவோர் இல்லையேல் விற்போர் இல்லை என்று. அந்த அதிகாரமும் கொல்லாமையும் துறவறவியலில் இருப்பதால் இல்லறத்தானுக்கு விலக்கு உண்டு என்று வாதாடுவோர் உண்டு. மீன் தின்னும் நானும் பல வருடம் அந்தச் சந்துக்குள் ஒதுங்கியவன்தான்.

இந்த வழக்கில் விலங்கு எத்தனை அறிவுடையது என்ற கேள்வியே எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கத்தி யார் கையில், காசு யார் மடியில், கவளம் யார் வாயில் என்பதுதான் விசாரணை. இந்த மரபின் உயரமான அளவுகோல் இதுதான் என்பது என் எண்ணம். அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் மறுபடி உயிர்பெற்ற இடங்களில் ஒன்று நம் திருவனந்தபுரம்.

அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டரை 1838 வாக்கில் இங்கே சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார்கள். பசித்த புலியின் முன் அவரை நிறுத்தியதாகவும், புலி அடங்கிக் கிடந்ததாகவும் அய்யாவழி மக்கள் சொல்வார்கள். புலிக்கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கோழியும் கிடாயும் வெட்டும் வழிபாட்டை அவர் தம் மக்களிடையே நிறுத்தினார் என்பது வரலாறு. பின்னர் தைக்காட்டில், ரெசிடென்சியின் மேற்பார்வையாளராக இருந்த தமிழர் அய்யாவு சுவாமிகளிடம் இரண்டு மலையாள இளைஞர்கள் வந்து சேர்கிறார்கள். ஒருவர் கண்ணம்மூலைக்காரர், பிற்காலச் சட்டம்பி சுவாமிகள். மற்றவர் செம்பழந்திக்காரர், நாராயண குரு. இருவருக்கும் தமிழ் நூல்களில் நல்ல பழக்கம். குறளில் ஒரு பகுதியைக் குரு மலையாளத்தில் பெயர்த்தார். சட்டம்பி சுவாமிகள் ஜீவகாருண்ய நிரூபணம் எழுதினார், குரு ஜீவகாருண்ய பஞ்சகம் பாடினார். உண்பவன் இல்லையேல் கொல்பவன் இல்லை என்ற பழைய வாதம் பஞ்சகத்தில் மலையாளம் பேசுகிறது. குருவின் அனுகம்பா தசகமோ எறும்பில் தொடங்குகிறது. ஏணியின் மூன்றாம் படிதான் அது.

சட்டம்பி சுவாமிகளைப் பற்றி ஒரு கதை உண்டு. சீடர்களோடு விருந்துக்கு வாருங்கள் என்று ஒருவர் அழைத்தாராம். சுவாமி தெருநாய்க் கூட்டத்தோடு போய் நின்றாராம். இலை போட்டார்கள், நாய்கள் வரிசையாக உட்கார்ந்து சண்டையின்றித் தின்றன என்பது கதை. அதற்கு முன்பே வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலை அடுப்பை மூட்டி, பசி தீர்ப்பதே சீவகாருண்யத்தின் முதல் வேலை என்று வைத்தார். கொல்லாதே என்பதோடு நின்றுவிடாமல் சோறு போடு என்று இந்தக் கட்சி ஒரு படி மேலே போகிறது.

நீலகேசியின் மண் உருவங்களுக்கு நம் ஊரில் ஓர் உறவு இருக்கிறது. பத்மநாபசுவாமி கோவிலில் பங்குனியிலும் ஐப்பசியிலும் திருவிழா. ஒன்பதாம் நாள் பள்ளிவேட்டை. மேளதாளமில்லாமல் ஊர்வலம் வேட்டைக்களத்துக்குப் போகும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் மூத்தவர் வில்லை வளைத்து அம்பு விடுவார். இரை ஓர் இளநீர். வேட்டையின் சடங்கு முழுக்க இருக்கிறது, சாவுதான் இல்லை. பகவதி கோவில்களில் குருதி என்ற பெயரில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு நீரை ஊற்றுவதும், நாம் அமாவாசைக்குக் கடைவாசலில் பூசணிக்காய் உடைப்பதும் இதே குடும்பம். இந்த மாற்றுக் கட்சி யாரிடமும் வாதாடுவதில்லை. கையில் இருப்பதை மெல்ல வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்துவிடுகிறது.

சட்டம் அப்படி மெல்லச் செய்வதில்லை. கோவில்களில் விலங்கும் பறவையும் பலியிடுவதைக் கேரளம் 1968-இல் தடைசெய்தது, அது இன்றும் நடப்பில் உள்ளது. தமிழ்நாடு 1950-இலேயே தடைசெய்து, 2004-இல் கைவிட்டது. நாட்டுக்கெல்லாம் பொதுவான 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமோ, மத வழக்கப்படி கொல்வது குற்றமாகாது என்கிறது. நேர்ச்சைக்குக் கோவிலில் கோழி அறுத்தால் குற்றம், அடுத்த தெருவில் பிரியாணிக்கு அறுத்தால் வியாபாரம். கோழியைக் கேட்டால் வித்தியாசம் சொல்லத் தெரியாது.

அந்த 1960 சட்டத்துக்கு முன்னோடி, ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தனிநபர் மசோதா. மனிதன் நீங்கலாக உயிருள்ள எதுவும் விலங்கு என்று சட்டம் வரையறுக்கிறது. தொல்காப்பியரின் ஏணியை ஒரே வரியில் சாய்த்துப் போட்ட வரையறை. தண்டனைக்கு வந்தால் சிரிப்பு வரும்: முதல் குற்றத்துக்குப் பத்து முதல் ஐம்பது ரூபாய் அபராதம். 1860-இன் தண்டனைச் சட்டம் உயிருக்கு விலைச்சீட்டே ஒட்டியிருந்தது. யானை, குதிரை, மாடு என்றால் விலை பார்க்க வேண்டாம். மற்றவை ஐம்பது ரூபாய் பெற்றால்தான் பெரிய தண்டனை. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அந்த விலைச்சீட்டைக் கிழித்துவிட்டது.

யானைக்குத் தனிக் கட்சியே உண்டு. அதற்கு நூல் மாதங்கலீலை, அதற்கு ரசிகர் மன்றம், இறந்தால் சிலை. குருவாயூர் கேசவன் 1976 டிசம்பர் 2, ஏகாதசி நாளில் இறந்ததை இன்றும் கண்கலங்கிச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே பக்தர்கள் காலில் கிடக்கும் சங்கிலியைப் பார்ப்பதில்லை. எழுந்தருளிப்பில் யானைகளுக்கிடையே மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. மரியாதை கூடிய உயிருக்கு ஓய்வு கூடக் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வெள்ளியாற்றில் சினையானை ஒன்று வாய் சிதைந்து நின்றபடியே செத்தது. நாடே அழுதது. தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் வெடிக்காயை அது தின்றிருந்தது. பன்றியே தின்றிருந்தால் செய்தியாகியிருக்காது. வாய் ஒன்றுதான், வெடியும் ஒன்றுதான்.

இனி நாய். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே அடிமலைத்துறைக் கடற்கரையில் 2021 ஜூனில் புரூனோ என்ற வளர்ப்பு நாயைக் கட்டிவைத்து அடித்துக் கொன்று கடலில் வீசினார்கள். வீடியோ பரவியது. கேரள உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, அந்த வழக்குக்கு அந்த நாயின் பெயரையே சூட்டியது. மாநில விலங்குநல வாரியத்தைச் சீரமைப்பது வரை அந்த வழக்கு நீண்டது. அதே கரையில் சில கிலோமீட்டர் தள்ளிப் புல்லுவிளை இருக்கிறது. 2016 ஆகஸ்டில் அங்கே கடற்கரைக்குப் போன 65 வயது மூதாட்டி தெருநாய்கள் கடித்துக் குதறி இறந்தார். அந்த வாரங்களில் நாய்களைக் கொல்லக் கிளம்பியவர்களும் உண்டு, அவர்களுக்கு மாலை போட்டவர்களும் உண்டு.

இரண்டு இடங்களிலும் கட்சி பிரிந்து பேசினார்கள். நாய்ப்பிரியர், நாய்ப்பகைவர். நீலகேசி வந்திருந்தால் நாயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாள். இந்த நாய்களுக்குச் சோறு போட்டது யார் என்று கேட்டிருப்பாள். கரையில் குவியும் மீன்கழிவு யாருடையது? இரவில் ஸ்கூட்டரிலிருந்து ஓடைக்குள் விழும் கோழிக்கடைப் பை யாருடையது? விளப்பில்சாலைக் குப்பை ஆலை 2011 டிசம்பரில் மூடியபின் இந்த நகரத்தின் எச்சில் எங்கே போனது? சட்டம்பி சுவாமிகள் கூடவே நின்று இலை போடவைத்தார். நாமும் இலை போடுகிறோம், முகத்தைக் காட்டாமல். பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, எடுத்த இடத்திலேயே விடு என்கின்றன 2001-இன் விதிகளும் அவற்றுக்குப் பதிலாக வந்த 2023-இன் விதிகளும். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் டில்லி நாய்களை மொத்தமாகக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் ஆணையைத் திருத்தியது. எங்கே விடுவது என்பதில்தான் வழக்கெல்லாம். எதைத் தின்று பெருகின என்பது எந்த ஆணையிலும் தலைப்பாக வருவதில்லை.

ஏணியில் எந்தப் படி என்று யாரும் கவலைப்படாத உயிர் மீன். பெயர் வைக்க மாட்டோம், வழக்கும் எடுக்க மாட்டோம். ஆனால் அதற்கும் ஒரு நெறி முளைத்திருக்கிறது. மழைக்காலத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி 52 நாள் விசைப்படகுகள் இழுவலை போடக் கூடாது. 2015 முதல் கேரளத்தில் குறைந்தபட்ச அளவும் உண்டு. சாளை பத்து சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இது கருணையில்லை, நாளைக்கும் மீன் வேண்டும் என்ற கணக்குத்தான் என்பார்கள். இருக்கட்டும். விலங்கின் தகுதியைப் பார்க்காமல் மனிதக் கையைப் பிடித்து நிறுத்துவதில் இதுவும் குருவின் பஞ்சகமும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

எங்கள் தெருவுக்குப் புல்லுவிளையிலிருந்து ஓர் அம்மா அலுமினியச் சருவத்தில் மீன் கொண்டுவருவார். போன வாரம் சாளை பொடியாக இருந்தது. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நடுவிரலின் அடியைக்கூட அது எட்டவில்லை. "சாரே, மீனை அளக்கிறீங்களா, வாங்கிறீங்களா?" என்று சிரித்தார். வேண்டாம் என்றேன். அடுத்த வீட்டில் வாங்கிக்கொண்டார்கள். அவர் படியில் உட்கார்ந்து செதிலைச் சுரண்டத் தொடங்கியதும் மதிலோரத்தில் ஒரு பூனையும், கொஞ்சம் தள்ளி, காது கிழிந்த ஒரு நாயும் வந்து உட்கார்ந்தன. தலைகளைப் பூனைப் பக்கமும் நாய்ப் பக்கமும் மாறி மாறி எறிந்தார். குடலை மட்டும் தனியே ஒரு பையில் கட்டிச் சருவத்துக்குள் வைத்துக்கொண்டார்.