அருமையும் விலையும்: பழைய தமிழ்ச் சித்திரக்கதைகள் பற்றிப் புத்தளக் கரையோரத்திலிருந்து ஒரு நோக்கு

'அருமை' என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. கிடைத்தற்கு அரியது, செய்தற்கு அரியது என்னும் பொருள்களில் வழங்கிய அச்சொல் காலப்போக்கில் 'சிறந்தது', 'மதிப்புமிக்கது' என்னும் பொருள்களையும் ஏற்றுக்கொண்டது. அரிதாயிருப்பது வேறு, மதிப்புடையதாயிருப்பது வேறு. மொழி இவ்விரண்டையும் ஒரு சொல்லுள் அடக்கியதைக் குற்றமாகக் கொள்வதற்கில்லை. ஆனால் அந்த மயக்கத்தைச் சந்தை தனது முதலாக்கிக்கொள்ளும்போது விமரிசகன் அதனைப் பிரித்துக்காட்டக் கடமைப்பட்டவனாகிறான். பழைய தமிழ்ச் சித்திரக்கதைகளின் வாங்கல் விற்றலில் இன்று நிகழ்வது இதுவே. 'கிடைத்தற்கரிய பிரதி' என்ற அடைமொழி இல்லாமல் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், இந்திரஜால் காமிக்ஸ் ஆகியவற்றின் பழைய பிரதியொன்று விலைபேசப்படுவதைக் காண்பதே இப்போது உண்மையில் அரிது.

அண்மையில் கற்பிட்டிக் குடாநாட்டில் ஒரு வீட்டில் இருந்த சித்திரக்கதைக் கட்டொன்றைப் பார்வையிடும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எமக்கு முன்னரே கொழும்பிலிருந்து பழம்புத்தக வியாபாரி ஒருவர் வந்து, முப்பதுக்கு மேற்பட்ட பிரதிகளுள் நான்கினை மட்டும் தெரிந்து விலை கூறியிருந்தார். எஞ்சியவற்றைக் 'கழிவு' என ஒதுக்கிவிட்டார். வீட்டாரோ அந்நான்கின் விலையைக் கேட்ட பின்னர், முழுக் கட்டுமே புதையல் எனக் கருதத் தொடங்கியிருந்தனர். வியாபாரியின் மதிப்பீடும் வீட்டாரின் மதிப்பீடும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. அரிதுத்தன்மை பொருளுக்குள்ளேயே உறையும் குணம், அட்டையின் நிறம் போலக் கண்டறியத்தக்கது என இரு தரப்பாரும் நம்பினர்.

டேவிட் ரிக்கார்டோ 1817இல் வெளியிட்ட அரசியற் பொருளாதார நூலிலே, உழைப்பினால் விலை நிர்ணயிக்கப்படாத பண்டங்கள் சிலவற்றை விதிவிலக்காகக் குறிப்பிடுகிறார். அரிய சிலைகள், ஓவியங்கள், நாணயங்கள் ஆகியவற்றோடு அரிய நூல்களையும் அவ்வரிசையிற் சேர்க்கிறார். இவற்றின் தொகையை எந்த உழைப்பினாலும் பெருக்க முடியாது. ஆகவே அவற்றை விரும்புவோரின் செல்வமும் நாட்டமுமே விலையைத் தீர்மானிக்கின்றன. தனியுரிமை விலை பற்றிப் பேசும்போது மார்க்ஸ் கூறுவதும் ஏறத்தாழ இதுதான். வாங்குவோனின் வேட்கையும் கொடுக்கும் திறனுமே அதற்கு எல்லை. இவ்விளக்கத்தைச் சித்திரக்கதைக்குப் பொருத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. சிலை ஒன்றே ஒன்றாகச் செய்யப்பட்டது. சித்திரக்கதையோ தொகையாக அச்சிடப்பட்டு, சில்லறைக் காசுக்கு விற்கப்பட்டு, வாசித்தபின் எறியப்படுவதற்கென்றே உற்பத்தியான பண்டம். இயந்திர மறுஉற்பத்தி கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கலைத்துவிடுகிறது என வால்டர் பெஞ்சமின் 1930களில் வாதித்தார். எறியப்பட்டவற்றுள் தப்பிய சிலவற்றின் மீது அதே ஒளிவட்டம் மீண்டும் வந்து அமர்வதை இங்கே காண்கிறோம்.

எனவே அரிதுத்தன்மையை ஆராய்பவன் அச்சான தொகையைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. அமெரிக்காவில் 1938 யூனில் சூப்பர்மான் முதன்முதலாகத் தோன்றிய 'அக்‌ஷன் கொமிக்ஸ்' முதலிதழ் ஏறத்தாழ 2,00,000 பிரதிகள் அச்சாயிற்று. இன்று எஞ்சியவை நூறளவில் இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். சிறுவர் வாசித்துக் கிழித்தனர். இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காகிதச் சேகரிப்பு இயக்கங்கள் எஞ்சியவற்றுள் பெரும்பகுதியை விழுங்கின. மாறாக, சூப்பர்மான் இறப்பதாகக் கதை புனைந்து 1992இல் வெளியிட்ட இதழைப் பல இலட்சம் பேர் முதலீடாகவே வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் காத்தனர். காத்தவர் பலராதலின் அது இன்றும் அரிதாகவில்லை. அரிதுத்தன்மையைப் பிறப்பிப்பது பாதுகாப்பன்று, புறக்கணிப்பே. இன்னொன்றும் உண்டு. கண்ணிற் படாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது. 1977இல் கொலராடோ மாநிலத்தில் ஒரே வீட்டிலிருந்து ஏறத்தாழ 18,000 பழைய சித்திரக்கதைகள், பல புதுக்கருக்கு மாறாதவை, வெளிவந்தன. விலை உயர்ந்தபோது பரண்கள் திறக்கின்றன. இன்று 'ஒரே பிரதி' எனப்படுவது நாளை ஐந்தாகலாம்.

தமிழ்ச் சூழலுக்கு வருவோம். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் வெளிவரத் தொடங்கிற்று. அக்கதை 1962இல் இலண்டனின் 'வலியன்ட்' இதழில் ஆரம்பமானது; அதனை வரைந்தவர் ஸ்பானிய ஓவியரான பிளாஸ்கோ. இலண்டன் முதலாளிக்காக ஸ்பானியர் வரைந்ததைச் சிவகாசித் தொழிலாளர் தமிழில் அச்சிட, புத்தளத்துச் சிறுவன் வாசித்தான். பண்பாட்டுப் பண்டத்தின் உலகப் பயணத்திற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை. லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் 1984 யூலையில் தோன்றின. மாதமிருமுறை வெளிவந்த ராணி காமிக்ஸ் 2005 வரையில் 500 இதழ்களைக் கண்டது. டைம்ஸ் ஒப் இந்தியா நிறுவனத்தின் இந்திரஜால் 1964இல் வேதாளனின் கதையோடு தொடங்கி, தமிழிலும் வெளிவந்து, 1990இல் நின்றது. இவற்றுள் முத்துவின் முதலாண்டு இதழ்களுக்கே சேகரிப்போர் முண்டியடிக்கின்றனர். ஆனால் ஒரு தொடர் வாசகரை இழந்து நலிந்து நிற்குங் காலத்தில் வெளியான கடைசி இதழ்கள், புகழோடு விற்ற தொடக்க இதழ்களிலும் குறைவாகவே எஞ்சியிருக்க இடமுண்டு. அவற்றை யாரும் தேடுவதில்லை. ஆதலால் அவை 'அரியவை' எனப் பெயர் பெறுவதுமில்லை. சந்தை அரிதென்று அழைப்பது அது தேடுவதை மட்டுமே.

இலங்கையில் நிலைமை மேலும் வேறுபட்டது. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரத்தோடு அவை மீண்டும் பெருகின. ஆக, முத்து காமிக்ஸின் முதல் ஐந்தாண்டுகள் இங்கு கட்டுப்பாட்டுக் காலத்தினுள் அடங்கிவிடுகின்றன. அக்காலத்து இதழ்கள் தலைமன்னார்க் கப்பலில் வந்தவர் பைகளிலும் அதுபோன்ற பிற வழிகளிலும் ஒன்றிரண்டாக வந்திருத்தல் கூடும். ஒழுங்காக வந்திருக்க முடியாது. இங்கே அரிதானது சிவகாசியில் அரிதாக இருக்க வேண்டியதில்லை. இடம் சுட்டாத அரிதுத்தன்மை என ஒன்று கிடையாது. விலையோ சென்னையிலும் கொழும்பிலும் நிர்ணயமாகிறது. கற்பிட்டியின் வரலாற்றுக்கு அதில் இடமில்லை.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தை ஒரே நிலமாகக் கொள்வதும் பிழை. சிலாபத்தைச் சூழ்ந்த கத்தோலிக்க மீனவக் கிராமங்களில் பாடசாலை மொழி சிங்களமானதோடு தமிழ் வாசிப்பு தலைமுறை தலைமுறையாகத் தேய்ந்துவந்தது. 1970களில் அங்கு பிள்ளைகளின் கைக்கு வந்தவை பெரும்பாலும் 'சதுட', 'சித்தர' முதலிய சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகளே. அவ்வீடுகளில் முத்து காமிக்ஸ் காணப்படாமை அது அழிந்ததற்குச் சான்றாகாது. அது அங்கு சென்றதேயில்லை. உடப்பிலும் புத்தளம் நகரிலும் கற்பிட்டியிலும் தமிழ் வாசகர் இருந்தனர். அங்கு வந்தது, வாசிக்கப்பட்டது, அழிந்தது. வராமையால் நேர்ந்த இல்லாமையையும் வந்து அழிந்தமையால் நேர்ந்த இல்லாமையையும் வியாபாரியின் பட்டியல் ஒன்றாகவே எண்ணுகிறது. சமூக வரலாற்றாளன் அவ்வாறு எண்ண முடியாது.

அழிவுக்கு இக்கரையோரம் தன் பங்கினைத் தாராளமாகவே அளித்தது. மலிவான அச்சுக் காகிதம் எங்கும் தானாகவே பழுப்பேறி நொறுங்குவது. உப்பளக் காற்றும் களப்பின் ஈரமும் சேர, முதலில் துருப்பிடிப்பது நடுவே தைத்த கம்பி. கம்பி துருவேற, அட்டை கழன்றுபோகிறது. அட்டை போனபின் அது சரக்குக் கட்டும் தாள். இதே வீடுகளில் பழைய அறபுத் தமிழ் ஏடுகள் துணியிற் சுற்றப்பட்டு உயரத்தில் வைக்கப்பட்டிருப்பதையும் கண்டோம். காகிதத்தின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் தரம் மட்டுமன்று. எதனை நிலத்தில் வைக்கலாகாது என ஒரு சமூகம் கருதுகிறதோ அதுவே நிலைக்கிறது.

இனி அக்கட்டு. வியாபாரி தெரிந்தெடுத்த நான்கனுள் உயர்ந்த விலை பெற்றது, அட்டையிழந்த மாயாவி கதைப் பிரதி ஒன்று. 1972ஆம் ஆண்டு முதற்பதிப்பு என்பது அவர் கூற்று. புரட்டிப் பார்த்தோம். கடைசித் தாளின் உட்பக்க விளம்பரம் ஒன்றில் லயன் காமிக்ஸின் பெயர் இருந்தது. 1984இல் பிறந்த வெளியீட்டை 1972இல் விளம்பரஞ் செய்ய எவராலும் இயலாது. அது பிற்காலத்து மறுபதிப்பு. மாயாவி கதைகள் பலமுறை மறுபதிப்புக் கண்டவை. கதையின் வயதைப் பிரதியின் வயதாகக் கொள்வது இத்துறையில் மிகப் பரவலான பிழை. விளம்பரம், அச்சிட்ட விலை, அடுத்த இதழ் அறிவிப்பு, வாசகர் கடிதத் திகதி ஆகியவற்றை ஒப்புநோக்கும் எளிய முறை, சுவடிப் பதிப்பில் நாம் பேணும் ஒழுங்கிலிருந்து வேறுபட்டதன்று. உ. வே. சாமிநாதையருக்குக் காட்டிய பொறுமையை மாயாவிக்கும் காட்டவேண்டுமா எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். காட்டாதபடியாற்றான் இப்பிழைகள் பணமாகின்றன.

இவ்விடத்து எமது அணியின் பொறுப்பையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. இந்திய வணிகச் சஞ்சிகைகளை 'நச்சிலக்கியம்' என முற்போக்கு இயக்கத்தினர் எதிர்த்தனர். அவற்றின் இறக்குமதியைத் தடுக்குமாறும் கோரினர். அந்நிலைப்பாட்டால் ஈழத்து எழுத்தும் பதிப்பும் பெற்ற ஊக்கத்தை நாம் மறுக்கவில்லை. வேதாளனின் வெள்ளைத் தலைமையையும், அவன் முன் மண்டியிடும் கானகத்து மக்களையும் பற்றிய கண்டனம் இன்றும் செல்லுபடியானது. ஆனால் கண்டித்ததைச் சேகரிக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கு எப்படி வந்தோம்? நச்சுச் செடியைத் தாவரவியலாளன் தன் மாதிரித் தொகுப்பிலிருந்து நீக்குவதில்லை. எமது கல்வி நிறுவனங்களின் அடுக்குகளில் சித்திரக்கதைக்கு இடமளிக்க எவரும் நினைக்கவில்லை. ஏரியல் டோர்ஃப்மனும் அர்மான் மத்தலாரும் சிலியில் 1971இல் டொனால்ட் டக் கதைகளின் ஏகாதிபத்தியக் கருத்தியலை அம்பலப்படுத்தி நூலெழுத முடிந்தது, அக்கதைகளைக் குவித்து வைத்து வரிக்கு வரி வாசித்தமையால். (அந்நூலே பின்னர் அரிதாக்கப்பட்டது தனிக்கதை. 1973 இராணுவச் சதியின் பின் சிலியில் அது எரிக்கப்பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பை 1975இல் அமெரிக்கச் சுங்கத்தினர் தடுத்துவைத்து, முடிவில் 1,500 பிரதிகளையே நாட்டினுள் அனுமதித்தனர். அங்கு அரிதுத்தன்மையை உற்பத்தி செய்தது அரசு.) தமிழில் அத்தகைய ஆய்வொன்றை இன்று எழுதப் புகுபவன், நாம் வைத்திராத மூலங்களைத் தேடிச் சேகரிப்போரின் வாசலிற் காத்திருக்க வேண்டும்.

வியாபாரி ஒதுக்கிய 'கழிவு'க்குத் திரும்புவோம். அவற்றுட் பலவற்றில் வாடகைக்குப் புத்தகம் கொடுத்த கடையொன்றின் முத்திரை இருந்தது. கீழே 25 சதம் எனப் பேனாவால் எழுதியிருந்தது. ஒரு பிரதி எத்தனை கைகளுக்குச் சென்றது என்பதற்கு மூலைகளின் கருமையே கணக்கு. அச்சான தொகையைக் கொண்டு வாசகரை எண்ணுவது எவ்வளவு பொய் என்பதை அம்மூலைகள் காட்டின. இன்னும் சிலவற்றின் உள்ளட்டையில் வெவ்வேறு கையெழுத்துகளில் சிறுவர் பெயர்கள், பெயரோடு ஊரும். ஊர்கள் கற்பிட்டியைச் சேர்ந்தவை அல்ல. மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் சேர்ந்தவை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 75,000 பேர் ஊரிழந்தனர். மிகப் பெரும்பான்மையோர் புத்தளம் மாவட்டத்தை வந்தடைந்தனர். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவ்வேளையில் எவரும் சித்திரக்கதை எடுத்துவந்திருக்கமாட்டார்கள். இங்குள்ள வீட்டாரே தம் பிரதிகளை அகதி முகாமின் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்ததாக முதியவர் கூறினார். பிள்ளைகள் வாசித்தனர், பெயரெழுதினர், எழுதும்போது தாம் இழந்த ஊரையே முகவரியாக எழுதினர்.

பிரதியின் நிலையைத் தரப்படுத்தும் சேகரிப்பாளரின் அளவுகோலில் எழுத்து ஒரு குறை. பெயர் எழுதியிருந்தால் விலை இறங்கும். முத்திரை இருந்தால் மேலும் இறங்கும். யாரும் தொடாத பிரதியே உச்சம். அதாவது வாசிக்கப்படாத சித்திரக்கதைக்கே அதிக விலை. பயன்மதிப்பின் சுவடு ஒவ்வொன்றும் பரிவர்த்தனை மதிப்பிலிருந்து கழிக்கப்படுகிறது. அந்த மாயாவி மறுபதிப்பின் சகோதரப் பிரதிகள் நூற்றுக்கணக்கில் எங்கோ இருக்கும். 1990இன் பின் ஒரு முகாம்ப் பிள்ளை தன் ஊர்ப்பெயரை எழுதிய பிரதிக்கு இன்னொரு பிரதி எங்கும் இராது.

வீட்டாரிடம் இதனைச் சொன்னோம். விலை என்ன வரும் எனக் கேட்டனர். விலை வராது என்பதே உண்மை, அதனையும் சொன்னோம். பெயரெழுதிய பக்கங்களைப் படம்பிடித்துக்கொள்ள அனுமதித்தனர். 2005 முதல் ஈழத்து அச்சுகளை எண்ணிம வடிவில் ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தைப் பற்றிக் கூறியபோது, யோசித்துச் சொல்வதாக முதியவர் பதிலளித்தார். நான்கு பிரதிகளையும் வியாபாரி மறுவாரம் எடுத்துச்சென்றதாகப் பின்னர் அறிந்தோம்; மறுபதிப்புக்கு முதற்பதிப்பின் விலை கொடுத்தாராம். அக்கட்டினைச் சுற்றியிருந்த தாளை அவரும் வீட்டாரும் கவனிக்கவில்லை. அது, 1960களில் கொழும்பில் தொடங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த சிவஞானசுந்தரத்தின் 'சிரித்திரன்' இதழொன்றின் நடுத்தாள். கயிறு அறுத்த இடத்தில் கேலிச்சித்திரத்தின் பாதி போயிருந்தது.