காயம் ஆறாத நாயகர்கள்

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2019 அக்டோபரில் வெளியான 'ஜோக்கர்' அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 9.6 கோடி டாலர் எடுத்தது. ஓட்டம் முடிந்தபோது அங்கே மட்டும் 33.5 கோடி, உலகம் முழுக்கச் சேர்த்து 107 கோடி டாலருக்கு மேல். ஐந்து வருடம் கழித்து, 2024 அக்டோபரில் இரண்டாம் பாகம் 'ஜோக்கர்: ஃபோலி ஆ டியூ' வந்தது. அதே இயக்குநர் டாட் ஃபிலிப்ஸ், அதே நாயகன் வாக்கீன் ஃபீனிக்ஸ், அதே 'ஆர்' சான்றிதழ். முதல் மூன்று நாள் 3.8 கோடி டாலர். அடுத்த வாரக் கடைசியில் வசூல் 81 சதவீதம் விழுந்தது. அமெரிக்காவில் மொத்தமே 5.8 கோடி டாலரோடு பெட்டி திரும்பிவிட்டது.

காமிக்ஸ் பாத்திரம், இருட்டான கதை, வயது வந்தோருக்கான சான்றிதழ். இந்த மூன்றும் சேர்ந்தால் கூட்டம் நிச்சயம் என்று ஹாலிவுட் சில வருடம் நம்பியது. இரண்டாம் பாகத்திலும் மூன்றும் இருந்தன. சொல்லப்போனால், அது முதல் படத்தைவிட இருட்டு. அப்படியென்றால் ஜனம் முதல் படத்தில் எதைப் பார்க்கத்தான் போனது?

அடிபட்டால் வலிக்கிற ஓர் உடம்பைப் பார்க்கப் போனது என்பேன். சூப்பர் ஹீரோ படங்களில் பல வருடமாகக் காணாமல் போயிருந்தது அதுதான்.

'ஆர்' என்றதும் நம் 'ஏ' சான்றிதழை நினைக்க வேண்டாம். இங்கே 18 வயது நிரம்பாதவரை அரங்குக்குள் விடக் கூடாது. அமெரிக்காவில் 17 நிரம்பாதவர் பெற்றோரோ பெரியவரோ கூட வந்தால் 'ஆர்' படத்துக்குப் போகலாம். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகத் தனியே வர முடியாது; அந்தப் படத்தின் பொம்மையைக் கடையில் விற்பதும் கஷ்டம். ஸ்டூடியோக்களுக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். 1984-ல் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' பார்த்த பெற்றோர்கள் சத்தம் போட்டதும் 'பிஜி-13' என்று நடுவில் ஒரு படி உண்டாக்கினார்கள். பின்னாளில் பெரிய சூப்பர் ஹீரோ படங்கள் ஏறக்குறைய எல்லாம் அந்தப் படியிலேயே குடியேறின. வானத்திலிருந்து நகரம் இடிந்து விழும். கட்டடத்துக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேமரா எட்டிப் பார்க்காது. நாயகன் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து ஒரு ஜோக் அடிப்பான். இரண்டு படம் கழித்துச் செத்தவனும் திரும்பி வருவான்.

'ஆர்' சான்றிதழோடு காமிக்ஸ் படங்கள் முன்பும் வராமல் இல்லை. 1998-ல் வெஸ்லி ஸ்னைப்ஸின் 'பிளேடு' 4.5 கோடியில் எடுக்கப்பட்டு 13 கோடி டாலர் சம்பாதித்தது. ஆனால் 2009-ல் 'வாட்ச்மென்' சுமார் 13 கோடி செலவுக்கு 18.5 கோடிதான் கொண்டுவந்தது. விளம்பரச் செலவையும் தியேட்டர்காரர்களின் பங்கையும் கழித்தால் நஷ்டம். 2012-ன் 'டிரெட்' நல்ல படம். அரங்கம் காற்று வாங்கியது. கணக்குப் பிள்ளைகள் இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பெரியவர்களுக்கான காமிக்ஸ் படம் பணத்துக்குப் பிடித்த சனி.

அந்த முடிவை உடைத்தது 2016 பிப்ரவரியில் வந்த 'டெட்பூல்'. அந்தப் படம் எடுக்கப்பட்டதே ஒரு கசிவால். மாதிரிக்கு எடுத்து வைத்திருந்த ஒரு சின்னக் காட்சி 2014 ஜூலையில் இணையத்தில் கசிந்து, ரசிகர்கள் கொண்டாடிய பிறகுதான் ஃபாக்ஸ் ஸ்டூடியோ மனம் இறங்கியது. இறங்கியும் கொடுத்தது 5.8 கோடி டாலர். அந்த வகைப் படத்துக்கு அது சில்லறைக் காசு. கடைசி நேரத்தில் அதிலும் சுமார் 70 லட்சம் டாலரைப் பிடுங்கிக்கொண்டார்கள். எழுத்தாளர்கள் இருவரும் பக்கம் பக்கமாகக் கிழித்தார்கள். உச்சக்கட்டச் சண்டைக்குப் போகிற டெட்பூல், துப்பாக்கி நிறைந்த பையை டாக்சியிலேயே மறந்துவிட்டு இறங்குவான், ஞாபகமிருக்கிறதா? அரங்கம் சிரித்த அந்த நகைச்சுவை, பெரிய துப்பாக்கிச் சண்டையைப் படமாக்கப் பணமில்லாததால் பிறந்தது. சீனாவில் வெளியாகாமலே அந்தப் படம் 78 கோடி டாலர் எடுத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 'டெட்பூல்' 5.8 கோடி. 'லோகன்' 9.7 கோடி. 'ஜோக்கர்' 5.5-லிருந்து 7 கோடிக்குள். இந்த வகையில் சாதித்த மூன்றும் சிக்கன பட்ஜெட். பணம் குறைந்தால் பயமும் குறைகிறது. பயம் குறைந்தால் மேலிடத்திலிருந்து வரும் திருத்தக் குறிப்பும் குறைகிறது. 'லோகன்' இயக்குநர் ஜேம்ஸ் மேங்கோல்டு இதன் இன்னொரு பக்கத்தைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'ஆர்' கிடைத்ததும் குழந்தைகளைப் பிடித்து உட்காரவைக்கும் பொறுப்பு போய்விடுகிறது. காட்சி நீளமாக இருக்கலாம், ஆட்கள் உட்கார்ந்து பேசலாம், முதுமையைப் பற்றிக்கூடப் படம் எடுக்கலாம் என்பது அவர் வாதம். ரத்தம் காட்டும் உரிமையைவிட மெதுவாகப் போகும் உரிமைதான் பெரிது. அந்த உரிமையை நடிகர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்ப்போம்.

ஹியூ ஜாக்மன் 2000-ல் முதல் 'எக்ஸ்-மென்' படத்தில் வோல்வரினாக வந்தபோது அவருக்கு 31 வயது. 'லோகன்' வெளியான 2017 மார்ச்சில் 48. நடுவே 17 வருடம். முதல் படத்தை 13 வயதில் பார்த்த பையன், 'லோகன்' பார்க்கும்போது முப்பது வயதில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருப்பான். இந்த ஒரு கணக்கு எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத சொத்து. ஜாக்மன் அதை முதல் காட்சியிலேயே எடுத்துச் செலவழிக்கிறார்.

டெக்சாஸ் எல்லைப் பக்கம், வாடகைக்கு ஓட்டும் காருக்குள் குடித்துவிட்டுத் தூங்குகிறான் வோல்வரின் என்கிற லோகன். ஒரு திருட்டுக் கும்பல் காரின் சக்கரங்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறது. இறங்கி வருகிறான். அந்த இறங்கலைக் கவனியுங்கள்: ஒரு கால் தரையைத் தொட்ட பிறகு இன்னொரு கால் யோசித்துவிட்டுத்தான் வருகிறது. வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறான். நெஞ்சில் சுடுகிறார்கள். விழுகிறான். எழுந்து நகங்களை நீட்டினால் ஒன்று முழுசாக வெளியே வர மறுக்கிறது. பழைய படங்களில் இந்த ஆள் குத்தும்போது கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இங்கே திருப்பவில்லை. நகம் எங்கே போகிறது, எப்படித் திரும்பி வருகிறது என்று காட்டுகிறது. அதைவிட முக்கியம், சண்டை முடிந்ததும் ஜாக்மன் வாங்கும் மூச்சு. முழங்கால் தேய்ந்த வேகப்பந்து வீச்சாளர் கடைசி ஸ்பெல்லுக்கு ஓடிவருவது போன்ற மூச்சு அது; வேகம் போய்விட்டது, கோபம் மட்டும் மிச்சம்.

படம் முழுக்க அவர் அந்த உடம்பை விடவே இல்லை. எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் மலிவுக் கண்ணாடி போட்டுப் படிக்கிறான். புத்தி தடுமாறும் பேராசிரியர் சேவியரைக் கழிவறைக்குத் தூக்கிப் போகிறான். அங்கே இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது, வயதான அப்பாவைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் தெரிந்த சண்டை. நடுவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள். நெடுநேரம் வேறெதுவும் நடப்பதில்லை. சேவியராக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. அன்று ராத்திரியே சேவியர் கொல்லப்படுகிறார். சாப்பாட்டுக்குக் கொடுத்த நேரம்தான் அந்தச் சாவுக்குக் கனம் கொடுக்கிறது. பிஜி-13 படமாக இருந்திருந்தால் எடிட்டிங் மேசையில் முதலில் பறிபோயிருப்பது அந்தச் சாப்பாட்டுக் காட்சிதான்.

வசூல் 61.9 கோடி டாலர். ஆஸ்காரின் தழுவல் திரைக்கதைப் பிரிவில் ஒரு சூப்பர் ஹீரோ படம் நுழைந்தது அதுவே முதல்முறை. நடிப்புக்கு ஜாக்மன் பெயர் பரிந்துரையில்கூட இல்லை. அகாடமி எடுத்த மோசமான முடிவுகளில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஃபீனிக்ஸின் வேலை வேறு மாதிரி. அவருக்கு 17 வருடப் பழக்கம் கிடையாது. இருந்தது உடம்பு மட்டும். அதிலும் சுமார் 24 கிலோவைக் குறைத்துக்கொண்டு வந்தார். ஷூவை இழுக்கக் குனிகிற முதுகில் தோள்பட்டை எலும்பு தனியாக நகர்கிறது. ஆனால் எடை குறைப்பதை நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அது தயாரிப்பு. நடிப்பு அந்தச் சிரிப்பில் இருக்கிறது. ஜோக்கராக மாறப்போகும் ஆர்தருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வரும் நோய். சமூகநல அலுவலரின் அறையில் அது தொண்டையில் சிக்கி, இருமலாகி, அழுகையின் விளிம்பைத் தொட்டுத் திரும்புகிறது. காமெடி கிளப்பில் வேறொருவர் பேசும்போது நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான். கூட்டம் சிரித்து அடங்கிய பிறகு இவன் சிரிக்கிறான். யாரும் சிரிக்காத இடத்தில் இவன் ஆரம்பிக்கிறான். உலகத்தோடு தாளம் சேராத ஆள் என்பதை வசனமில்லாமல் இதைவிடச் சுத்தமாகச் சொல்ல முடியாது.

சுரங்க ரயிலில் மூன்று பேரைச் சுட்டுவிட்டு ஒரு பொதுக் கழிவறைக்குள் ஓடுகிறான். திரைக்கதைப்படி அங்கே துப்பாக்கியை மறைக்க வேண்டும், முகத்தைக் கழுவ வேண்டும். அந்தக் காட்சியை எப்படி எடுப்பது என்று படப்பிடிப்பில் ஃபிலிப்ஸும் ஃபீனிக்ஸும் திணறிக்கொண்டிருந்தபோது, ஐஸ்லாந்து இசையமைப்பாளர் ஹில்டர் குட்னடோட்டிர் முன்கூட்டியே அனுப்பியிருந்த செல்லோ இசையை இயக்குநர் ஒலிக்கவிட்டார். ஃபீனிக்ஸ் மெல்ல ஆட ஆரம்பித்தார். படத்தில் இருப்பது அந்த ஆட்டம்தான். ஆர்தர் அந்த இடத்தில் ஜோக்கராகிவிடுகிறான். ஃபீனிக்ஸுக்கும் ஹில்டருக்கும் ஆஸ்கார் கிடைத்தது. 11 பரிந்துரைகளில் வென்றவை அந்த இரண்டே.

'டாக்சி டிரைவர்', 'த கிங் ஆஃப் காமெடி' இரண்டிலிருந்தும் அள்ளிக்கொண்டார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அவற்றில் நடித்த ராபர்ட் டி நீரோவையே கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். சுயபச்சாதாபத்தைத் தடவிக்கொடுக்கிற குணமும் படத்துக்கு உண்டு. வெளியாகும் முன் வன்முறையைத் தூண்டும் என்று எழுந்த பயம், 2012-ல் அரோராவில் பேட்மேன் படம் ஓடிய அரங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் நிழல். அந்தப் பயத்தைக் கேலி செய்ய யாருக்கும் தகுதியில்லை. ஆனால் படத்தில் நடக்கும் கொலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நேரம் கொடுத்திருப்பதால்தான் அவை உறுத்துகின்றன.

இன்னொரு புள்ளிவிவரம் சுவாரசியமானது. அமெரிக்காவில் முதல் நாள் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தில் 'ஜோக்கர்' பெற்றது 'பி பிளஸ்'. காமிக்ஸ் படங்களுக்கு அது சுமாரான மதிப்பெண். அப்படியும் இரண்டாம் வாரக் கடைசியில் வசூல் பாதிகூடக் குறையவில்லை. எல்லோருக்கும் பிடித்ததால் ஓடிய படமல்ல அது. பார்த்தவர்கள் சண்டை போட்டார்கள். சண்டையைக் கேட்டவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். மவுத் டாக் என்றால் பாராட்டு மட்டும்தான் என்று யார் சொன்னது?

இருட்டுக்கு 'ஆர்' கட்டாயமா என்றால், இல்லை. 2008-ன் 'த டார்க் நைட்' பிஜி-13 தான். அதில் ஜோக்கராக வந்த ஹீத் லெட்ஜர் ஒரு பென்சிலை மேசையில் நட்டு வைத்து ஒருவன் தலையை அதன்மேல் மோதும் காட்சியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அரங்கமே நெளிந்தது. மறுபுறம் 2024-ல் வந்த 'த கிரோ' மறுபதிப்பும் 'கிரேவன் த ஹண்டர்' படமும் 'ஆர்' முத்திரையோடு வந்து சுருண்டன. கிரேவன் மூக்கைக் கடித்துத் துப்பினான், யாருக்கும் அக்கறையில்லை. ரத்தம் மலிவான சரக்கு.

இப்போது இரண்டாம் 'ஜோக்கர்' விழுந்த காரணத்துக்கு வரலாம். செலவு முதல் படத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 19 கோடி டாலருக்குக் குறையாது என்கிறார்கள். உலகம் முழுக்க வந்ததோ 20 கோடி சொச்சம். ஃபீனிக்ஸ் மோசமாக நடிக்கவில்லை. அதே எலும்பு, அதே சிரிப்பு, லேடி காகாவோடு பாட்டு வேறு. ஆனால் நீதிமன்றத்திலும் சிறையிலும் அடைத்து வைத்து, முதல் படத்தில் நடந்ததையே இரண்டேகால் மணி நேரம் விசாரிக்கிறார்கள். முதல் படத்தில் ஆர்தரிடம் இழக்க ஏதோ இருந்தது: அம்மா, வேலை, மேடைக் கனவு. இதில் எல்லாவற்றையும் இழந்தவன் உட்கார்ந்திருக்கிறான். இழக்க ஒன்றுமில்லாத நாயகனுக்காகப் பயப்பட முடியாது. சினிமாஸ்கோர் 'டி'.

என் வாதத்துக்கு எதிராக நிற்கும் படம் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. 2024 ஜூலையில் வந்த 'டெட்பூல் அண்ட் வோல்வரின்'. பெரிய பட்ஜெட், சாவுக்கு மதிப்பே இல்லை, தொடக்கக் காட்சியிலேயே லோகனின் கல்லறையைத் தோண்டி, எலும்புக்கூட்டைப் பிரித்து ஆயுதமாக்கி, பாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே ஆட்களை வெட்டுகிறான் டெட்பூல். 133 கோடி டாலர். 'ஆர்' படங்களின் வசூல் சாதனை இன்று அதன் பெயரில். ஜாக்மனும் டெட்பூலாக வரும் ரயன் ரேனால்ட்ஸும் காருக்குள் மோதிக்கொள்ளும் சண்டைக்கு நானும் விசிலடித்தவன்தான். ஆனால் அது கெட்ட வார்த்தை பேசும் திருவிழா. சான்றிதழ் பெரியவர்களுக்கு, குணம் பன்னிரண்டு வயதுக்கு. அது தோண்டி எடுத்து விளையாடிய அந்த எலும்பின் மதிப்பைக் கூட்டியதே 'லோகன்'தான்.

ஆகவே நடிப்புக்கான என் வரிசை: முதலிடம் ஜாக்மன், அடுத்து ஃபீனிக்ஸ். லெட்ஜர் 'ஆர்' போட்டியில் இல்லாததால் கணக்கில் இல்லை. இந்த வகையில் ஒரே ஒரு படம் பார்க்கத்தான் நேரமுண்டு என்பவர்கள் 'லோகன்' பாருங்கள். 'லோகன் நுவார்' என்ற கறுப்பு வெள்ளைப் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு.